உங்கள் சுவரில் இருக்கும் ஒரு வரி

சார்,

காலையில் சவரம் செய்துகொண்டிருந்தபோது சுண்ணாம்பு வாசனை வந்தது. நீலம் கலந்த ஈரச் சுண்ணாம்பு. நேற்றும் இதே வாசனைதான், ஆனால் நேற்று அது எங்கள் வீட்டுச் சுவரிலிருந்து வந்தது. இன்று வேறு பக்கத்திலிருந்து வந்தது. அது எந்தப் பக்கம் என்று உறைத்ததும், பாதி முகத்தில் நுரையோடு வாசலுக்கு ஓடினேன்.

பீர்க்கன்கரணையில் தேர்தல் முதலில் சுவருக்குத்தான் வரும், உங்களுக்குத் தெரியாததா? வேட்பாளர் பட்டியல் வந்த மறுநாளே வாளியும் பிரஷ்ஷுமாகக் கிளம்பிவிட்டார்கள். ஏரிக்கரைத் தெருவில் வரிசையாக அடித்துக்கொண்டு வந்தவர்கள் உங்கள் வீட்டுக்கு முன்னால் நின்றிருந்தார்கள். ஒருவர் பிரஷ்ஷைத் தோய்த்தே விட்டார்.

"அதைத் தொடாதீங்க!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பக்கத்தில் பைக்கில் சாய்ந்திருந்த வட்டச் செயலாளர் ஏழுமலை சிரித்தார். "இன்னா சார், பாதி மூஞ்சோட வந்துகினு. ஒரு பழைய வரிக்கா இவ்ளோ பேஜாரு? மொதல்ல செரச்சி முடிங்க. சாயங்காலமா வர்றோம், பேசிக்கலாம்."

அந்த வரி எப்படி வந்தது என்று இந்தத் தெருவில் இப்போது என்னைத் தவிர யாருக்கு நினைவிருக்கிறது? பஸ்ஸிலிருந்து இறங்கி ஏரிப் பக்கம் திரும்புகிற யாருக்கும் முதலில் தெரிவது உங்கள் சுவர்தான். அதனால் அந்தத் தடவை வேட்பாளரே நேரில் வந்து கும்பிட்டார். நீங்கள் எதிர்க் கும்பிடு போட்டுவிட்டு, "தாராளமா எழுதிக்கோங்க சார். உங்க பேருக்குக் கீழ நான் சொல்ற ஒரு வரியும் எழுதணும்" என்றீர்கள். பயத்தை மறைக்கக் குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டீர்கள். நான் உங்களுக்குப் பின்னால், உங்களைவிடப் பயந்துகொண்டு நின்றேன். அவர் வரியைக் கேட்டுவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். "இவ்ளோதானா? எழுதிடலாம் சார்" என்றார். ஆளை விட்டு எழுதவைத்தார்.

"என் சம்பளத்தையும் பென்ஷனையும் நானே உயர்த்திக்கொள்ள மாட்டேன்."

அவர் ஜெயித்தார். தேர்தல் முடிந்து சுவர்களுக்கு வெள்ளையடிக்க வந்தவர்களை அவர் பெயரை மட்டும் அழிக்க விட்டீர்கள், வரியை விடவில்லை. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பொங்கலுக்கும் சுவருக்கு வெள்ளையடிக்கும்போது அந்த இடத்தை மட்டும் பத்திரமாக விட்டுவிட்டு அடிப்பீர்கள். எழுத்து மங்கினால் திருத்தி எழுத ஒரு டப்பா நீலப் பெயின்ட் வாங்கி மாடிப்படிக்குக் கீழே வைத்திருந்தீர்கள். போன பொங்கலுக்குக்கூட பழைய டப்பா காய்ந்துவிட்டதென்று புதிது வாங்கினீர்கள். உங்கள் மனைவி உயிரோடு இருந்தபோது, "இந்த மனுஷன் ஒருத்தருக்குத்தான் நாட்டுக் கவலை" என்று என் மனைவியிடம் தலையில் அடித்துக்கொள்வார்.

அப்புறம் அந்த நாள் வந்தது. சட்டசபையில் எதற்கும் ஒத்துப்போகாதவர்கள் எல்லாரும் சேர்ந்து மேசையைத் தட்டி, தங்களுக்குச் சம்பளத்தையும் பென்ஷனையும் உயர்த்திக்கொண்டார்கள். ஏரிக்கரை நடையில் பேப்பரை மடித்து என் மூக்குக்கு நேராக நீட்டினீர்கள். "பாத்தீங்களா சார், இதுக்கு மட்டும் வெளிநடப்பே கிடையாது!" அதே பேப்பரின் இன்னொரு பக்கத்தில், நிதி நெருக்கடியால் காலியிடங்களை நிரப்ப முடியவில்லை என்று இருந்தது. கஜானா காலி என்று சொல்லும் வாயும், ஏகமனதாக நிறைவேறியது என்று சொல்லும் வாயும் ஒரே வாய்தான் என்று அன்றைக்கு நடை முடியும்வரை சொல்லிக்கொண்டே வந்தீர்கள்.

இருவரும் சேலையூருக்கு பஸ் பிடித்து, கேம்ப் ரோட்டில் இருந்த நம் எம்.எல்.ஏ.வின் அலுவலகத்துக்குப் போனோம். அவர் கோபப்படவில்லை. காபி கொடுத்தார். "கல்யாணம், காதுகுத்து, காரியம்னு எல்லாத்துக்கும் போறேன் சார். வெறுங்கையோட போக முடியுமா? சம்பளம் இல்லாம பணக்காரன் மட்டும்தான் அரசியலுக்கு வரணுமா?" என்றார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. இப்போதும் படுகிறது. நீங்கள் காபியைத் தொடாமல் சொன்னீர்கள்: "சம்பளம் வாங்குங்க சார். நல்லாவே வாங்குங்க. எவ்வளவுன்னு நீங்களே எழுதிக்கிறீங்க பாருங்க, அதுதான் உதைக்குது. என் கம்பெனில என் கையில பேனாவக் குடுத்திருந்தா நானும் எழுதியிருப்பேன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் உங்களுக்கு வியர்த்துக் கொட்டியது. எதற்கு இவ்வளவு பயந்துகொண்டு கேட்க வேண்டும் என்று கேட்டேன். "பயத்தோடயே கேக்க வேண்டியதுதான் சார். பயம் போனப்புறம் கேக்கலாம்னா ஆயுசு பத்தாது" என்றீர்கள். உங்களுக்கு நிஜமாகவே பத்தவில்லை.

அவர் அடுத்த தடவை தோற்றார். தோற்றாலும் பென்ஷன் உண்டு. ஒரு தடவை உள்ளே போய் வந்தால் போதும். முப்பது வருஷத்துக்கு மேல் லேத்தில் நின்ற உங்கள் பென்ஷன், மருந்துக் கடை வாசல்வரைதான் வரும். என்னுடையதும் அந்த லட்சணம்தான். ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் காம்பவுண்டுக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் நீங்களும் நின்று, குட் மார்னிங் சொல்வதற்குப் பதிலாக, "பென்ஷன் வந்துச்சா சார்?" என்றுதான் கேட்டுக்கொள்வோம். இத்தனை வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தும் 'சார்' போகவில்லை, அந்தக் கேள்வியும் போகவில்லை.

இப்போது என் கதையைச் சொல்ல வேண்டும். பையனுக்கு வேலை போய்விட்டது சார். கம்பெனியில் ஆட்குறைப்பு. கீழ்க்கட்டளையில் வாங்கிய ஃபிளாட்டின் தவணை மட்டும் யாரையும் குறைக்காமல் மாதாமாதம் வருகிறது. ஃபிளாட்டை வாடகைக்கு விட்டுவிட்டு இங்கே வந்துவிட்டான். மாடியறையில் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். சாப்பிடக் கூப்பிட்டால் மட்டும் இறங்கி வருகிறான், வந்தாலும் பேசுவதில்லை. போன் மணி அடித்தால் திடுக்கிடுகிறேன், அடிக்காவிட்டாலும் திடுக்கிடுகிறேன்.

அப்படி இருக்கும்போதுதான் முந்தாநாள் ஏழுமலை வந்தார். அண்ணன், அதாவது உங்கள் சுவரில் வாக்குக் கொடுத்த அதே ஆள், மறுபடியும் நிற்கிறார், சுவர் வேண்டும் என்றார். போகிற போக்கில், "பையன் சும்மா கீறானாமே? அண்ணனாண்ட ஒரு வார்த்த சொன்னா எதுனா பாத்துக் குடுப்பாரு" என்றார். நான் எங்கள் சுவரைக் கொடுத்துவிட்டேன். யோசிக்கக்கூட இல்லை. நேற்று சாயங்காலத்துக்குள் அவர் பெயர் ஆளுயரத்துக்கு எழுந்துவிட்டது. உங்கள் சுவரையும் சேர்த்துக் கேட்பார்கள் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். உங்கள் மகள் பெங்களூரிலிருந்து வந்து, எல்லாம் முடிந்தபிறகு வீட்டைப் பூட்டி, "அங்கிள், நீங்க பாத்துக்கோங்க" என்று சாவியை என் கையில்தான் கொடுத்தாள்.

இன்று பகல் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி நேராகவே கேட்டாள். "அவர் போய்ட்டாரு. அந்த வரியைப் பாத்து எவன் பென்ஷனைத் திருப்பிக் குடுக்கப் போறான்? நம்ம பையனைப் பாருங்க." அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அழித்துவிடச் சொல்லலாம் என்றே முடிவு செய்தேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?

சாயங்காலம் ஏழுமலை வந்தார். "அண்ணனே லைன்ல கீறாரு, பேசுங்க" என்று போனை என் காதில் வைத்தார். பையன் மாடிப் பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். கேட்க வேண்டியதை மனதுக்குள் பாடம் செய்து வைத்திருந்தேன். 'பையன் எம்.இ. சார், எங்கேயாவது சொல்லிவிடுங்கள்.' அவ்வளவுதான்.

"சார், நல்லா இருக்கீங்களா? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்றார் அவர். அதே பழைய, தேனொழுகும் குரல்.

என் வாய் தானாகத் திறந்தது. "நல்லா இருக்கேன் சார். பென்ஷன் ஒழுங்கா வருதா சார்?"

சத்தியமாக வேண்டுமென்று கேட்கவில்லை. காம்பவுண்டில் உங்களைக் கேட்டுக் கேட்டுப் பழகிய வாய். ஏழுமலையின் முகம் மாறியது. போனில் அவர், "வருது சார்" என்று மெதுவாகச் சொன்னார். அந்த நேரத்தில் நான் ஒரு மன்னிப்புக் கேட்டிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். நானோ, "அப்ப அந்த வரி அங்கயே இருக்கட்டும் சார்" என்றேன். போன் கட்டானது.

ஏழுமலை ஆட்களிடம் வாளியை எடுக்கச் சொன்னார். பைக்கைக் கிளப்பும்போது மட்டும், "பையனுக்கு நீங்களே ஆப்பு வெச்சிக்கினீங்களே சார்" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. நிஜமான வருத்தத்தோடுதான் சொன்னார்.

பையன் இறங்கி வந்தான். திட்டப்போகிறான் என்று நினைத்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தான். எங்கள் சுவரில் அவர் பெயர், ஈரம் காயாமல். ஒட்டினாற்போல உங்கள் சுவரில் அவர் கொடுத்த வாக்கு. பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறவர்கள் இரண்டையும் சேர்த்துத்தான் படித்தாக வேண்டும். பையன் ஒருமுறை படித்தான். பிறகு சிரித்தான் சார். வேலை போனதிலிருந்து அவன் சிரித்து நான் பார்த்ததில்லை. மனைவி வாசலிலிருந்து, "சிரிச்சா ஆச்சா? தவணை?" என்றாள். மூன்று பேரும் உள்ளே வந்து சாப்பிட உட்கார்ந்தோம்.

பயம் அப்படியே இருக்கிறது. இதை எழுதும்போதே தெருவில் பைக் சத்தம் கேட்டு இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டேன். செய்தது சரியா, பையன் வயிற்றில் அடித்துவிட்டேனா, தெரியவில்லை. நீங்கள் இருந்திருந்தால் உங்களிடம்தான் கேட்டிருப்பேன், நீங்களும் வியர்த்துக்கொண்டேதான் பதில் சொல்லியிருப்பீர்கள். நாளைக்கு எழுந்ததும் உங்கள் சுவரைத்தான் முதலில் பார்ப்பேன். வரி இருந்தால் நிம்மதி. இல்லையென்றால், உங்கள் வீட்டுச் சாவி என்னிடம்தான் இருக்கிறது, நீலப் பெயின்ட் டப்பா மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது.