காரிக்கு வைத்த பொட்டு

என் பிரியமுள்ள மாமாவுக்கு,

நீங்கள் போய் இது இரண்டாவது ஐப்பசி. பேப்பரில் போட்டோ போட்டு நாலு வரி அஞ்சலி கொடுக்கலாம் என்றாள் நம் மகள் அரசி. நாலு வரியில் எனக்கு என்ன அடங்கும்? கடிதமாகவே எழுதித் தருகிறேன், படிக்கிறவர்கள் படித்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் முதலில் காரிதான் வருகிறது.

காரியை உங்களுக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்குத் தெரியாதே. மரம் அறுக்கிற பழைய மிஷின் வாள் எங்கே கிடந்தாலும் தூக்கி வந்துவிடுவீர்கள். எஸ்டேட் ஸ்டோரில் துருப்பிடித்துக் கிடந்தது, போடி பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டது என்று ஒவ்வொன்றாக நம் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தன. கழற்றி, கழுவி, ஓட வைத்து, மாட்டுக்கு வைப்பது போல நிறம் பார்த்துப் பெயரும் வைத்தீர்கள். சிவப்பாக இருந்தது செவலை, சாம்பல் நிறம் மயிலை. எல்லாவற்றிலும் நீளமான கத்தி உள்ள அந்தக் கறுப்பு ராட்சசன்தான் காரி.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்கு அதைக் கண்டால் பயம். இப்போது வருகிற மிஷின்களில் கத்தி எகிறினால் செயினைப் பிடித்து நிறுத்த ஒரு தடுப்பு இருக்கிறதாம். காரியின் காலத்தில் அதெல்லாம் கிடையாது. நீங்கள் ஷெட்டில் அதை ஓட்டும்போது அடுப்படியில் என் காது ஷெட்டிலேயே இருக்கும். சத்தம் ஓடினாலும் பயம், சட்டென்று நின்றாலும் பயம். நின்றால் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வருவேன். நீங்கள் அரத்தை வைத்துச் செயினைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

"என்ன பொன்னு, சோலியத்து ஓடி வர்ற?" என்று சிரிப்பீர்கள்.

கடைசியில் என்ன ஆனது? காரி உங்களை ஒன்றும் செய்யவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தீர்கள், போய்விட்டீர்கள். இத்தனை வருசம் நான் காவல் காத்த பக்கம் வராமல் சாவு வேறு வழியில் வந்துவிட்டது. அப்புறம் அந்தப் பயத்தை எங்கே கொண்டு போய் வைப்பது? என்னிடமே வைத்திருந்தேன். அரசி ஷெட்டுக்குள் கால் வைத்த அன்றைக்கு அது அவள் மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

அரசி இப்போது எஸ்டேட்டுகளுக்கு மருந்தடிக்கிற ஸ்பிரேயர், புல்வெட்டி எல்லாம் ரிப்பேர் பார்க்கிறாள். சாயங்காலமானால் ஷெட்டுதான். உங்கள் பிள்ளைதானே, சொன்னால் கேட்பாளா? செவலையையும் மயிலையையும் ஓட விட்டுவிட்டாள். பக்கத்து எஸ்டேட்டுகளில் காற்றுக்கு விழுந்த மரத்தை அறுக்கக் கூப்பிட்டால் போகிறாள். காரியை மட்டும் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தேன்.

போன வருசம் துக்கம் என்று ஆயுத பூஜை கும்பிடவில்லை. இந்த வருசம் ஷெட்டைக் கழுவி எல்லாவற்றையும் வரிசையாக வைத்தோம். மற்றதற்கெல்லாம் அரசி பொட்டு வைத்தாள். காரிக்கு நானே வைத்தேன். அதன் கைப்பிடியில் இரண்டு இடம் தேய்ந்து வெள்ளையாக இருக்கும், நினைவிருக்கிறதா? வேகம் கூட்டுகிற விசையில் உங்கள் ஆள்காட்டி விரல் பட்ட இடம். அணைக்கிற சுவிட்சில் கட்டைவிரல் பட்ட இடம். அந்த இரண்டிலும் சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்தேன். அப்பினேன் என்றுதான் சொல்ல வேண்டும். என் நெற்றிக்கு இல்லாததை எல்லாம் அங்கே வைத்தேன்.

மறுநாள் விஜயதசமிக்கு எல்லா மிஷினையும் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது நம் வழக்கம். காரியை மட்டும் வேண்டாம் என்று நான் மறித்துக்கொண்டு நின்றேன். அரசியும் விட்டுவிட்டாள்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் மத்தியானம் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் போகிற டிரிப்பு ஜீப்பு ஓட்டுகிற செல்வத்திடமிருந்து போன் வந்தது. போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட் பாதையில் பெரிய மரம் குறுக்கே விழுந்துவிட்டது. அவன் ஜீப்பு மரத்துக்கு அந்தப் பக்கம். ஏலக்காய் பறித்துவிட்டுத் திரும்புகிற சிலமலை ஊர்ப் பொம்பளைகள் அதில் இருக்கிறார்கள்.

"எஸ்டேட்டுச் சின்ன மிஷினு பாதி மரத்துல மாட்டிக்கிருச்சு அரசி. எங்களுக்குப் பின்னாடி மண்ணு சரிஞ்சிக்கிட்டே வருது. ரெண்டு பக்கமும் போக வழியில்ல. அண்ணனோட பெரிய வாளக் கொண்டா தாயி, வெரசா வா."

அரசி என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். போனுக்குள் பொம்பளைகள் அழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "நானும் வர்றேன்" என்றுதான் வந்தது.

நம் ஜீப்பில் காரியை ஏற்றும்போது அரசி கைப்பிடியைத் தடவிப் பார்த்துச் சந்தனத்தைச் சுரண்டப் போனாள். "பொட்ட அழிக்காதடி, நல்ல காரியத்துக்குப் போறோம்" என்றேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள். பூஜையில் வைத்த பொட்டை நம் வீட்டில் யார் அழிப்பார்கள்?

போய்ச் சேர்ந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. நான் கட்டிப் பிடித்தாலும் கை எட்டாத அடிமரம். அதன் மேலாக அந்தப் பக்கத்தில் பொம்பளைகளின் தலை தெரிந்தது, சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். அரசி கயிற்றை இழுத்தாள். மூன்றாவது இழுப்பில் காரி பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று மாமா. அழுதுவிட்டேன்.

முக்கால்வாசி நன்றாகத்தான் அறுத்தாள். பிறகு மரம் முனகியது. அவள் கத்தியை வெளியே உருவி, விரலை எடுத்தாள். சத்தம் குறையவில்லை. செயின் அதே வேகத்தில் சுற்றியது. கட்டைவிரலால் சுவிட்சைத் தள்ளினாள், அது அசையவில்லை. காய்ந்திருந்த சந்தனம் மழையில் ஊறி, விசைக்குள்ளும் சுவிட்சுக்குள்ளும் இறங்கி அடைத்துவிட்டது.

கீழே வைத்தால் துள்ளிக் காலை வாங்கிவிடும். பிடித்துக்கொண்டும் எவ்வளவு நேரம் நிற்பாள்? காலுக்கடியில் சேறு, பின்னால் சரிவு. ஒரு கால் சேற்றில் வழுக்குவதைப் பார்த்தேன்.

"ஆத்தா, சோக்கு! சோக்க இழு!"

பக்கத்தில் நின்ற ஆம்பளைகள் பின்னால் நகர்ந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானும் அவர்களோடு ஓடியிருப்பேன். ஆனால் முன்பு ஒருநாள் ஷெட்டில் இது அணையாமல் அலறியபோது நீங்கள் செய்தது என் கண்ணில் அப்படியே இருந்தது. காத்து போகிற வழியை அடைக்கிற அந்தச் சோக்குக் குமிழை இழுத்துவிட்டு, "மூச்ச அடச்சா அடங்கிரும் பொன்னு, அம்புட்டுத்தான்" என்றீர்கள். அவள் முதுகுப் பக்கமாகப் போய், அவள் இடுப்பை ஒரு கையால் சேர்த்துப் பிடித்து, மறு கையால் குமிழைத் தேடி இழுத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காரி இரண்டு தடவை இருமியது. நின்றது.

அரசியின் இடுப்பை நான் விடவில்லை. அவள் கைப்பிடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மரம் இன்னும் பாக்கி இருந்தது. அந்தப் பக்கம் மண் விழுகிற சத்தமும் நிற்கவில்லை.

"ஒனக்குப் பயமா இருந்தா வச்சிர்றேன் ஆத்தா" என்றாள்.

பயமாக இருந்தது. வை, வீட்டுக்குப் போவோம் என்று சொல்லத்தான் நெஞ்சு அடித்துக்கொண்டது. மாமா, நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? நான் முந்தானையை எடுத்தேன். உங்கள் விரல் தேய்த்த இரண்டு இடத்தையும் நானே துடைத்தேன். மரத்திலிருந்தே மெல்லிய குச்சியை ஒடித்து இடுக்கில் இருந்ததை நோண்டி எடுத்தேன். அவள் விசையை அழுத்தி விட்டுப் பார்த்தாள், சுவிட்சைத் தள்ளிப் பார்த்தாள். இரண்டும் அசைந்தன.

"இழுடி" என்றேன்.

மரம் இரண்டானது. இன்னோர் இடத்திலும் அறுத்துப் பிரித்த நடுத்துண்டை எல்லோரும் சேர்ந்து உருட்டித் தள்ளினார்கள். ஜீப்பு இந்தப் பக்கம் வந்ததும் பொம்பளைகள் இறங்கி அரசியைக் கட்டிக்கொண்டார்கள். நான் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன்.

அந்த முந்தானையை இன்னும் துவைக்கவில்லை. சந்தனமும் ஆயிலுமாக மடித்து வைத்திருக்கிறேன். அரசி காரியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிவிட்டாள். நேற்றுகூட இரண்டு எஸ்டேட்டிலிருந்து கேட்டுவிட்டார்கள். போகாதே என்று சொல்லிப் பார்த்தேன். போகத்தான் போகிறாள்.

அடுத்த ஆயுத பூஜைக்குக் காரிக்குப் பொட்டு உண்டு, கத்தி உறையின் மேலே. உங்கள் விரல் பட்ட இடத்தை இனி மூட மாட்டேன். அங்கே இப்போது அவள் விரல் வந்துவிட்டது. என் பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், அது என்னோடுதான் வரும். அவள் காரியைத் தூக்குகிற அன்றைக்கெல்லாம் நானும் ஜீப்பில் ஏறுவேன். சோக்குக் குமிழ் கைக்கு எட்டுகிற பக்கமாக நிற்பேன். கண்ணைத் திறந்துகொண்டு நிற்பேன். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் மாமன் மகள்,
அரசியைப் பெற்ற ஆத்தா,
பொன்னுத்தாய்