எலுமிச்சம்பழம் வைத்தது அண்ணன்

அன்புள்ள அப்பாவுக்கு,

இதை யாரிடமும் காட்டாதீர்கள். மாமாவுக்குத் தெரிந்தால் அடிப்பார். எல்லோரும் தூங்கியபின் எழுதுகிறேன். கிருஷ்ணகிரியில் நானும் திம்மன் அண்ணனும் சுகம். அம்மாவுக்கு இருமல் நின்றதா?

இன்று தன் லைசென்ஸ் பரீட்சைக்காக அண்ணன், தான் கிளீனராக வேலை செய்யும் மாமாவின் லாரியைக் கழுவி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைத்தான். உடனே மாமா அவனைக் குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு அனுப்பிவிட்டார். திரும்பி வந்தவனிடம், "இன்ஸ்பெக்டர் வரலையாம்" என்று மாமா சொல்லச் சொன்னதையே சொன்னேன். நான் சொன்னதால் நம்பிவிட்டான்.

உண்மையில் அதே லாரியை ஓட்டிக் காட்டி அத்தையின் தம்பி எல்லப்பன் தேறிவிட்டார். "திம்மனுக்கு லைசென்ஸ் கெடச்சா வேற லாரிக்குப் போயிருவான். கிளீனராவே கெடக்கட்டும்" என்று மாமா சாயங்காலம் அத்தையிடம் சொல்லிச் சிரித்தார்.

அப்பா, சீக்கிரம் வந்து அண்ணனுக்காகப் பேசுங்கள். என் போர்வையையும் கொண்டுவாருங்கள், இங்கே குளிர்கிறது.

கதவைத் தட்டுகிறார்கள். அண்ணன் குரல்தான். "ருக்கு, நீயும் தெரிஞ்சுதான் சொன்னியா?" என்கிறான்.