திரும்பும் சீட்

புஜைரா
14.11.2008

அன்பு மகன் பாண்டித்துரைக்கு அம்மா எழுதுவது. முட்டியைத் தவிர மற்றபடி நான் நலம், அப்பாவும் நலம், அந்தக் கனடாக் குளிரில் நீ நலமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் நீ நடுவில் பேசிவிடுவாய், நானும் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். கார் சீட்டை மாற்றியதற்காக அப்பாவிடம் கோபப்பட்டுப் போனை வைத்தாயே, அதற்குப் பிறகு நீ கூப்பிடவே இல்லை. நீ வழக்கமாகக் கூப்பிடும் வெள்ளிக்கிழமை வந்தால் அப்பா போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறார்.

ஆபரேஷனுக்குப் பிறகு என் வலது கால் பாதிதான் மடங்குகிறது, காருக்குள் நுழையமாட்டேன் என்கிறது. அப்பா டூட்டிக்குப் போய்விட்டால் பொழுது சாயும்வரை நானும் ஏசி சத்தமும்தான். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்துச் சுவர். ஒருநாள் டிவியில் செய்தி வாசிக்கிற பெண்ணுக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருந்ததை அப்பா கதவருகே நின்று கேட்டுவிட்டார். மறுநாளே செய்கு அலாவுதீனைப் போய்ப் பார்த்தார். கீழக்கரைக்காரர், இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் கார் சீட் வேலை செய்கிறவர். கதவுப் பக்கமாகத் திரும்புகிற சீட் ஒன்று அவரிடம் இருந்தது, வெளியிலிருந்தே உட்கார்ந்து அப்படியே உள்ளே திரும்பிவிடலாம். அவர் எதையும் மறைக்கவில்லை. "அக்கா, பக்கவாட்டு ஏர்பேக் கம்பெனி சீட்டுக்குள்ளதான் இருக்கு, கழட்டுனா அது போச்சு. நான் இறுக்கித்தான் மாட்டுவேன், ஆனா கம்பெனிக்காரன் மாதிரி வண்டிய இடிச்சுப் பாத்து என்னால உறுதி சொல்ல முடியாது" என்று என்னிடமே போனில் சொன்னார். அப்பா தயங்கினார், நான்தான் மாட்டச் சொன்னேன். திட்டுவதானால் என்னைத் திட்டு.

முதல் நாள் கடற்கரைக்குப் போனோம். கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். யாரோ ஒரு மலையாளிப் பெண் இடுப்பிலிருந்த குழந்தையின் கையைப் பிடித்து எனக்கு டாட்டா காட்ட வைத்தாள். அவர்கள் கண்ணுக்கு மறையும்வரை நானும் கையை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

அடுத்த வாரம் துபாய் கோயிலுக்குக் கிளம்பினோம். மசாஃபி தாண்டி ஒரு வளைவில் முன்னால் போன கல் லாரி சட்டென்று நின்றது. அப்பா பிரேக் போட்டதும் என் சீட்டின் பூட்டு விட்டுப்போய்க் கதவுப் பக்கம் திரும்பிவிட்டது. பெல்ட் கழுத்தில் அழுந்தியது, தோள் கதவில் போய் மோதியது. லாரியில் இடிக்கவில்லை, எனக்கும் தோள் கன்றிப்போனதோடு சரி, பயப்படாதே. அப்பாதான் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க முடியாமல் இருந்தார். "நானே உன்னக் கொன்னுருப்பேனே சீதா" என்றார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அங்கிருந்தே திரும்பிவிட்டோம்.

மறுநாள் என்னைக் கேட்காமலே பழைய சீட்டை மாட்டிக்கொண்டு வந்தார். அலாவுதீன் அதை ஏர்பேக்கோடு பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். அப்பா செய்ததுதான் சரி என்று எனக்கும் தெரியும், இருந்தும் அவரோடு பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். பிறகு ஒருநாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு கீழ்வீட்டு ஜுலைஹா பீவியைக் கூப்பிட்டேன். இத்தனை நாளும் அடுத்தவர் கையால் தூக்கி வைக்கப்படுவதா என்ற வெட்கம் எனக்கு. அவர் என் காலைப் பிடிக்க, அப்பா தோளைத் தாங்க, சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளி எப்படியோ உள்ளே வைத்துவிட்டார்கள். "இதுக்காம்மா வாயத் தொறக்காம கெடந்தீங்க" என்று அவர் கடிந்துகொண்டார். பாவம், அவருக்கும் வேலை இருக்கிறது, தினமும் கூப்பிட முடியாது. மற்ற நாளெல்லாம் அதே ஏசி சத்தம்தான்.

நீ சொன்னது சரிதான் ராசா. ஏர்பேக்கைப் பற்றி அவ்வளவு கேட்டாய், எங்கே போக ஆசைப்படுகிறாய் அம்மா என்று மட்டும் என்னைக் கேட்கவில்லை. போன தடவை நீ வந்தபோது அப்பா மட்டும்தானே ஏர்போர்ட்டில் நின்றார்.

அப்பாவுக்கு ஒரு போன் செய், சீட்டைப் பற்றிப் பேசாதே, சாப்பிட்டீர்களா என்று கேள், போதும். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். வருவதாக இருந்தால் தேதியை முன்கூட்டியே சொல்லிவிடு, ஜுலைஹா பீவியிடம் நான் சொல்லி வைக்க வேண்டும்.

உன் அம்மா
சீதாலட்சுமி வைரவன்