குளிசைப் பெட்டிக்குள் துவக்கின் ஆணிகள்

என்ரை இஞ்சாருங்கோவுக்கு,

இருபத்தாறு வருடமாக இந்த ஒரு சொல்லால்தான் உங்களைக் கூப்பிட்டேன். பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வந்ததில்லை. இப்போதும் வரவில்லை. ஆனால் இந்தக் கடிதம் உங்கள் நினைவுக்கு அடிக்கிற கல்வெட்டுப் புத்தகத்தில் அச்சாகப் போகிறது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிற சனம் சாப்பிட்டு முடித்து, புத்தகத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, வீடு போகிற ரயிலில் இருந்து வாசிக்கும். வாசிக்கட்டும்.

நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். தோளைத் தடவுகிறார்கள், தேத்தண்ணி போட்டுத் தருகிறார்கள். எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வருகிறது. காலையில் கண் விழித்தால் முதலில் அதுதான் எழும்புகிறது. இது யார் மேல் என்று உங்களுக்குத் தெரியாதா?

அன்று வியாழக்கிழமை. உங்கள் உணவகத்து முதலாளி எனக்குப் போன் எடுத்துச் சொன்னது, மத்தியானச் சமையல் நடக்கிறபோது அடுப்படியில் விழுந்துவிட்டீர்கள் என்று. நானும் மகள் அபினாவும் ஆஸ்பத்திரிக்குப் போனபோது உங்களுக்கு நினைவு இல்லை, பிறகு திரும்பவும் இல்லை. மூளைக்குள் இரத்தம் கசிந்துவிட்டது என்றார் டொக்டர். சின்ன வயதுக்காரர். என்னை இருத்திவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறஷர் இருந்ததா? இருந்தது. எத்தனை வருடம்? ஒன்பது. மருந்துக் குளிசை ஒழுங்காகப் போடுகிறவரா?

"ஒரு நாளும் தவற விடேல்லை. இண்டைக்குக் காலமையும் போட்டவர்" என்றேன். அபினா அதைப் பிரெஞ்சில் சொன்னாள். டொக்டர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "நிச்சயமாகவா?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம். நான் என்ன, புருஷனைப் பார்க்கத் தெரியாதவளா? உப்பைக் குறைத்துக் குறைத்து, ஒன்பது வருடம் நானும் பிள்ளையும் சப்பென்ற கறிதான் தின்றோம். "நிச்சயம்" என்றேன். தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

அந்தத் தலையை நிமிர்த்த வைத்ததற்குத்தான் என்னால் உங்களை மன்னிக்க முடியவில்லை.

இனிச் சனத்துக்கு நீங்கள் வீட்டில் வைத்திருந்த துவக்கை, அந்தத் துப்பாக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர்களாகவே ஒரு கதை கட்டுவார்கள். கட்டியும் விட்டார்கள். செத்த வீட்டில் ஒரு மனுசி என் காதுபடவே கேட்டாள், "உந்தாள் ஊரிலை இயக்கத்திலை இருந்தவரோ?" என்று. இல்லை. ஊரில் இருந்த காலத்தில் துவக்கு என்றால் நீங்கள் கட்டிலுக்குக் கீழே போகிறவர். பரிஸுக்கு வந்து நாற்பத்தெட்டாவது வயதில், கூட வேலை செய்த ராசன் அண்ணை கூட்டிக்கொண்டு போனார் என்று, புறநகரில் ஒரு சுடுதல் கழகத்தில் சேர்ந்தீர்கள். ஞாயிறு காலையில் ஒரு நிலவறையில் நின்று கடதாசி வட்டத்தைச் சுடுகிற கூட்டம். உரிமம், டொக்டரின் கடிதம், இரும்பு அலுமாரி, எல்லாம் சட்டப்படிதான். கழகத்தில் கண் மங்கிப்போன ஒரு கிழவரிடம் அந்தப் பழைய காரபின் துவக்கை வாங்கிப் பதிந்து கொண்டுவந்தீர்கள்.

நான் வேண்டாம் என்றேன். பியர்ஃபித்தில் மூன்று அறை வீடு, அதற்குள் ஒரு துவக்கா? அதற்கு நீங்கள் சொன்னது இது.

"இருவது வருசமா ஆற்றையோ பசிக்குச் சமைக்கிறன். வெட்டு எண்டால் வெட்டுறன், கழுவு எண்டால் கழுவுறன். இது ஒண்டு என்ரை கையாலை எனக்கெண்டு செய்யிறன். விடும்."

விட்டேன். அது பழசு. விசை இறுகும், உள்ளே சில துண்டுகள் தேய்ந்துபோயிருந்தன. கடையில் கொடுத்தால் ஒரு கிழமையில் திருத்தித் தருவார்கள். நீங்கள் கொடுக்கவில்லை. லீவு நாளில் சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துவாயை விரித்து, மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, திருப்புளியோடு குந்திவிடுவீர்கள். எல்லாம் அரிசி அளவு, உளுந்தளவு. பின், ஆணி, ஸ்பிரிங். நான் மேசையைத் துடைக்கவும் ஏலாது, யன்னலைத் திறக்கவும் ஏலாது.

ஒருநாள் ஒரு ஸ்பிரிங் துள்ளிப் பறந்துவிட்டது. "ஒருத்தரும் அசையாதேங்கோ!" என்று கத்தினீர்கள். அபினா ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றாள். பிறகு மூன்று பேரும் முழங்காலில் ஊர்ந்தோம், நீங்கள் காந்தத்தோடு, நான் டோர்ச்சோடு. இரண்டு மணித்தியாலம் கழித்து என் செருப்புக்குள் கிடந்தது. அபினா சிரித்துச் சிரித்துத் தரையில் படுத்துவிட்டாள். நீங்கள் சிரிக்கவில்லை. "எனக்கு ஒரு நல்ல பெட்டி வேணும், தனித்தனி அறை வைச்சது" என்று மட்டும் சொன்னீர்கள். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை?

அதற்கு அடுத்த கிழமைதான், "இனிக் குளிசையை நானே பெட்டியிலை போடுறன், நான் என்ன சின்னப் பிள்ளையோ?" என்றீர்கள். ஏழு நாளுக்கு ஏழு அறை வைத்த அந்த நீலப் பெட்டியை மருந்துக்கடையில் வாங்கியது நான். ஒவ்வொரு ஞாயிறும் நிரப்பியது நான். ஒரு வேலை குறைகிறதே என்று சந்தோஷமாகக் கொடுத்தேன். மாதா மாதம் குளிசையை வாங்கிவந்து மேசையில் வைப்பேன், அது காணாமற் போகும். காலையில் நீங்கள் சப்பாத்துப் போடுகிறபோது கேட்பேன்.

"போட்டாச்சோ?"

"ஓம், போட்டாச்சு."

ஏழு மாதம். ஒரு நாளாவது அந்த "ஓம்" தடுமாறியதா? நான் யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். இல்லை.

எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த மறுநாள், உங்கள் பணப்பைக்குள் இருந்த சாவியால் நானும் அபினாவும் இரும்பு அலுமாரியைத் திறந்தோம். பொலிசில் சொல்லியிருந்தார்கள், உரிமம் இல்லாத நான் துவக்கை வைத்திருக்க ஏலாது, திருத்துகிற கடையொன்றில் ஒப்படைக்க வேண்டும் என்று. என்னென்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் திறந்தோம். காரபின் கழற்றின நிலையில் துணிக்குள் கிடந்தது. பக்கத்தில் நீலப் பெட்டி. அபினா மூடியைத் திறந்தாள். திங்களுக்குள் ஆணிகள். செவ்வாய்க்குள் ஸ்பிரிங். புதனுக்குள் பின் இரண்டு. ஞாயிறு வரைக்கும் நிறைந்திருந்தது, ஒரு துண்டு மாறிக் கிடக்கவில்லை.

பெட்டிக்குப் பின்னால் குளிசைப் பக்கெற்றுகள். உடைக்காமல், ஏழு. மருந்துக்கடைக்காரப் பிள்ளை எழுதிய உங்கள் பேரோடு, ஒன்றன்மேல் ஒன்றாக, நேர்த்தியாக அடுக்கி.

அபினா பக்கெற்றுகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். எப்போதும் என்னோடு பிரெஞ்சில் கதைக்கிற பிள்ளை, தமிழில் சொன்னாள். "அம்மா, அப்பா போடேல்லை."

கொப்பி ஒன்றும் இருந்தது. உங்கள் குண்டு குண்டு எழுத்து. "செவ்வாய்: சின்ன ஸ்பிரிங் மெலிஞ்சு போச்சு, புதுசு சொல்லியாச்சு. புதன்: பின் தேய்வு, மாற்றியாச்சு, பழசு கடிதவுறைக்குள். வெள்ளி: ஆணி மூன்று, நீளமானது பின்பக்கம்." எதை எப்போது கழற்றினீர்கள், எதற்குப் பதிலாக எதைப் போட்டீர்கள், பழசு எங்கே, புதுசு எங்கிருந்து வரும் என்று, பெட்டியின் நாள் அறை ஒவ்வொன்றுக்கும் எழுதியிருந்தீர்கள். ஒரு துவக்கின் தேய்ந்த பின்னுக்கு இவ்வளவு கவனம் வைத்த மனிசன், தன் உடம்புக்குள் ஓடுகிற இரத்தத்தை எப்படி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்? கொப்பியைச் சுவரில் எறிந்தேன். அபினா பொறுக்கி எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து ராசன் அண்ணை வந்தார். அந்தத் துவக்கைத் தன் பேருக்கு மாற்றித் தரலாமோ என்று கேட்டார். நண்பன் ஞாபகமாக வைத்திருக்கலாம் என்று. கேட்டது பிழையில்லை. நான் மேசையில் அந்த ஏழு பக்கெற்றையும் வைத்தேன். மனுசனின் முகம் போன போக்கிலேயே விளங்கிவிட்டது.

"உங்களுக்குத் தெரியுமோ?"

"தங்கச்சி... அவன் சொன்னவன். குளிசை போட்டால் தலை சுத்துது, குனிஞ்சு சின்னச் சாமான் பாக்கேலாமல் கிடக்கு எண்டு. வேலை முடியட்டும், பிறகு டொக்டரிட்டைப் போய் வேறை குளிசை கேக்கிறன் எண்டவன். உங்களுக்குச் சொல்ல வேண்டாம், பயப்பிடுவா எண்டவன்."

"நான் பயப்பிட்டிருந்தால் அவர் இருந்திருப்பார், அண்ணை."

துவக்கைத் தரமாட்டேன் என்று சொன்னேன். தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்பினேன். நம் வீட்டில் ஒருவரை அப்படி அனுப்பியது அதுதான் முதல் தடவை. டொக்டரிடம் அன்றைக்கே போயிருந்தால் வேறு குளிசை எழுதித் தந்திருப்பார். தலை சுற்றுகிறது என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லவா உங்களுக்கு வெட்கம்?

பிறகு தமிழ்க் கடைகள் இருக்கிற லா ஷாப்பலுக்கு மரக்கறி வாங்கப் போனேன். நாங்கள் வழக்கமாகப் போகிற, சனத்தின் பார்சலும் வாங்கி வைக்கிற கடைக்காரப் பெடியன் என்னைக் கண்டதும் தயங்கித் தயங்கி, "அக்கா, அண்ணையின்ரை பேரிலை ஒரு பார்சல் வந்து கிடக்கு" என்றான். உள்ளங்கை அளவு கடிதவுறை. வீதியில் நின்றே கிழித்தேன். பிளாஸ்திக் பைக்குள் ஒரு ஸ்பிரிங். நீங்கள் வரவழைக்கச் சொல்லியிருந்த அந்தப் புதுசு. சனம் என்னை இடித்துக்கொண்டு போகிறது, நான் கத்தரிக்காய்ப் பையோடு நின்று ஒரு ஸ்பிரிங்கைப் பார்த்து ஏசிக்கொண்டிருக்கிறேன். சத்தமாகவே ஏசினேன்.

கழகத்துக்காரர் ஒழுங்கு செய்து, துவக்குத் திருத்துகிற ஒரு பிரெஞ்சுப் பெண் வீட்டுக்கு வந்தாள். நரைத்த தலை, கட்டை நகம். நீலப் பெட்டியைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தாள். தானும் இதே மாதிரி ஒன்று வைத்திருக்கிறாளாம். அபினா காரணத்தைச் சொன்னதும் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள். உங்கள் கொப்பியை அபினா வாசித்து வாசித்துச் சொல்ல, அவள் பொருத்தினாள். ஒரு துண்டு குறையவில்லை, ஒரு துண்டு மிஞ்சவில்லை. கடைசியில் அந்தப் புது ஸ்பிரிங்கை நான் கொடுத்தேன். போட்டு, வெறுமையாக ஒருமுறை விசையை இழுத்தாள். சின்னச் சத்தம். சுத்தமான சத்தம்.

"உங்கள் கணவர் நல்லாய்ச் செய்திருக்கிறார். இதில் எனக்கு வேலை மிச்சமில்லை" என்றாள்.

அது உடைந்து கிடந்திருந்தால், பிழையாக இருந்திருந்தால், நான் நிம்மதியாக வெறுத்திருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை நீங்கள். புதிதாகப் பழக வருகிறவர்களுக்குக் கொடுக்கச் சொல்லித் துவக்கை அவளிடம் ஒப்படைத்தேன். எழுதித் தந்த கடிதத்தைப் பொலிசில் கொடுத்தாயிற்று. வீட்டில் இப்போது துவக்கு இல்லை.

கல்வெட்டுக்கு வருகிறேன். பொபினியில் இருக்கிற உங்கள் மூத்த அண்ணன், என் பெரியத்தான்தான் எல்லாம் பொறுப்பாகச் செய்தார். அதற்கு நன்றி. ஆனால் அவர் எழுதிக்கொண்டு வந்த பக்கத்தில் "விதி வசத்தால் காலன் கவர்ந்தான்" என்று இருந்தது. போன செவ்வாய் ரூ பிலிப்-து-ஜிரார் வீதியில் இருக்கிற அச்சகத்தில் இரண்டு பேரும் சண்டை பிடித்தோம்.

"துவக்கு, குளிசை எல்லாம் ஏன் பிள்ளை? குடும்ப மானம் என்னாகிறது? போனவனைப் பற்றி நல்லதா நாலு வரி போடுவம்."

"நல்லதும் போடுறன் அத்தான். ஆனால் காலன் கவரேல்லை. அவர் தானாப் போனவர்."

அச்சகக்காரர் தலையைக் குனிந்து கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியத்தான் கோபத்தில் நெற்றி வியர்க்க நின்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரே தகப்பன், ஒரே தாய், ஒரே இரத்தம்.

"அத்தான், உங்களுக்கும் பிறஷர் தானே? நீங்கள் போடுறீங்களோ?"

அவர் என்னை விட்டுத் திரும்பினார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே வீதியைப் பார்த்தார். நான் விடவில்லை, திரும்பவும் கேட்டேன். நீங்கள் சாகும்போது கண்டிராத அழுகையை உங்கள் அண்ணனின் முகத்தில் அன்றைக்குக் கண்டேன். "இடைக்கிடை" என்றார். பிறகு அச்சகக்காரரைப் பார்த்து, "தம்பி, பிள்ளை எழுதினபடியே போடும்" என்றார். ஒரு எழுத்தும் வெட்டவில்லை; இந்தப் பகுதியை நான் பிறகு சேர்த்து எழுதினேன். மறுநாளே அவரை டொக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். கூட இருந்து கேட்டேன், தலை சுற்றுமா, சுற்றினால் என்ன செய்வது, எல்லாம் கேட்டேன்.

நல்லதாக நாலு வரியும் எழுதிவிடுகிறேன். நீங்கள் யாரிடமும் கை நீட்டாதவர். அபினாவைப் படி படி என்று நெருக்காதவர், ஆனால் அவள் சோதனைக்குப் போகிற நாளெல்லாம் வேலைக்குப் பிந்திப் போனவர். என்னைப் பயப்படுத்தக்கூடாது என்று நினைத்தவர். அந்தக் கடைசி நல்ல குணம்தான் உங்களைக் கொன்றது. இதை வாசிக்கிற பெண்களே, "போட்டாச்சோ" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடாதேயுங்கோ. குளிசைப் பெட்டியைத் திறந்து பாருங்கோ. ஆண்களே, உங்களுக்கு நான் என்ன சொல்ல?

நாங்கள் சண்டை பிடித்தால் கதைக்காமல் இருந்தது அதிகம் போனால் மூன்று நாள். நாலாம் நாள் நீங்கள் குசினிக்குள் வந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி, "இண்டைக்கு என்ன கறி?" என்பீர்கள். இந்தமுறை நீங்கள் வரமாட்டீர்கள். எனக்குத் தெரியும். அதனால் ஒரு சத்தியம் செய்து தருகிறேன். இந்தக் கோபம் ஆறினாலும் ஆறாவிட்டாலும், உங்களோடு கதையாமல் மட்டும் இருக்கமாட்டேன். ஏசுவதற்கென்றாவது நாளும் பொழுதும் கதைப்பேன். கேட்டுக்கொண்டே இருங்கோ.

இப்படிக்கு,
உங்களில் இன்னும் கோபத்தோடிருக்கிற,
அபினாவின் அம்மா