தோலுக்கடியில் சுண்டெலி

ஜனவரி 9
அகராதி அலுவலகத்தில் இன்று முழுக்க, தசையைக் குறிக்கும் 'மஸில்' என்ற சொல்லோடு மல்லுக்கட்டினேன். ஆங்கிலச் சொற்களின் பூர்வீகத்தைத் தேடி எழுதுவதுதான் என் வேலை. லத்தீனில் 'மஸ்குலஸ்' என்றால் சுண்டெலி. கையை மடக்கினால் தோலுக்கடியில் எலி ஓடுவதுபோல் தெரிகிறதாம். வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னேன். லிஃப்ட் மெக்கானிக் ஆயிற்றே, உடனே சட்டைக் கையைச் சுருட்டிவிட்டார். மடக்கவே இல்லை, சும்மா இருந்த கையிலேயே தோல் துடித்துக்கொண்டிருந்தது.

"பாருங்க, நிஜமாவே ஓடுது!" என்று கைதட்டினேன்.

"பண்டிதர் சொன்னா எலியே கேக்குது" என்றார்.

ஜனவரி 10
அலுவலகத்தில் எல்லோரிடமும் இதையே சொல்லிச் சிரித்தேன்.

ஏப்ரல் 22
இப்போது இரண்டு கையிலும் எலி. ஸ்பேனர் நழுவுகிறதாம். வயசாகுது என்கிறார். நாற்பத்தேழெல்லாம் ஒரு வயசா?

ஆகஸ்ட் 14
நரம்பு டாக்டரின் முதல் கேள்வி: "இந்தத் துடிப்பு எப்ப ஆரம்பிச்சது?"

"ஜனவரி ஒன்பது" என்றேன் பட்டென்று. நிமிர்ந்து பார்த்தார். தேதி தெரிந்தும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்வேன் — லத்தீன் சரியாக இருந்தது என்றா?

நரம்பு செத்துக்கொண்டு வருகிறதாம். தசை கரையும். மருந்து கொஞ்சம் தள்ளிப்போடும், நிறுத்தாது.

"முன்னாடியே வந்திருந்தா?"

"பெரிசா மாறியிருக்காதும்மா."

பெரிசாக இல்லையென்றால், கொஞ்சம் மாறியிருக்குமா?

ஆகஸ்ட் 15
அடிப்பாவி, ஏழு மாசமா வேடிக்கை பாத்தியேடி என்று என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 19
இன்று அவர் முன்னால் உடைந்துவிட்டேன். எல்லாம் என்னாலதான் என்று அழுதேன்.

"அந்த ஏழு மாசமும் நான் நோயாளி இல்ல. சிரிச்சுக்கிட்டே வேலைக்குப் போனேன். அதைப் போய் தப்புங்கறியே."

எனக்கு மனசு ஆறவில்லை.

டிசம்பர் 3
இன்றிலிருந்து நான்தான் ஊட்டுகிறேன்.

ஜனவரி 30
மூச்சும் குறைகிறது. இனி மாதக் கணக்குதான் என்றார் டாக்டர்.

பிப்ரவரி 26
அகராதி அச்சாகி வந்தது. அவர் மடியில் வைத்தேன், கனம் தாங்கவில்லை. மேசைக்கு மாற்றினேன். எந்தச் சொல்லைத் தேடச் சொல்வாரோ என்று பயந்தேன்.

"முதல்லேருந்து வாசி. தினம் நாலு பக்கம் போதும்" என்றார். குழறலாக, ஆனால் புரிந்தது.

மொத்தம் ஆயிரத்து இருநூறு பக்கம். கணக்குப் போடாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இன்று எட்டுப் பக்கம் வாசித்தேன்.