பின்னறைத் தண்ணீர்

ஏப்ரல் 26, சனி
விமான அருங்காட்சியகத்தில் தொண்டு வேலை; இன்று முப்பத்தொரு பழைய பதிவு அட்டைகளைக் கணினியில் ஏற்றினேன். எல்லாம் போர்க்காலத்தில் தண்ணீரில் இறங்கி எழும்பிய விமானங்களின் விபத்துகள். 'காரணம்' என்ற கட்டத்தைத்தான் முதலில் வாசிக்கிறேன், விமானம் திருத்துகிறவனின் தொழில் புத்தி. கண்ணாடியாகக் கிடந்த ஏரியில் உயரம் பிடிபடாமல் இறக்கியது. மிதந்து வந்த மரக்கட்டை. மூடுபனி. வோபர்னில் வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் நல்ல தூக்கம்.

மே 3, சனி
ஓர் அட்டை. 1943. இலங்கையில் ஒரு தளம். எழும்பும்போது வால் கனத்து, மூக்குத் தூக்கி, திரும்பத் தண்ணீரிலேயே விழுந்திருக்கிறது. எட்டுப் பேர் பலி. ஒருவனுக்கு வயது பத்தொன்பது. காரணம்: பின்னறைக்குள் தண்ணீர். கசிவு பார்த்ததாகக் கையெழுத்து இருக்கிறது. பார்க்கவில்லை.
அதற்குப்பிறகு ஓர் அட்டையும் ஏற்றவில்லை.

மே 4
எழுதிவிடுகிறேன். போன மாதம் விட்பிக்கு அப்பால், நான் வேலை செய்யும் விமானப் பட்டறைக்கு ஒரு சின்ன மிதவை விமானம் வந்தது. அதன் மிதவைகள் உள்ளே அறை அறையாகத் தடுத்தவை. ஒவ்வோர் அறைக்கும் தண்ணீர் விட்டு, கசிகிறதா என்று பார்த்து, நிலத்தில் திறந்துவிடுவோம். செய்தவர் ஸ்ரீஸ்கந்தராசா அண்ணை. சரிபார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டியவன் நான். கடைசிப் பின்னறைக்குக் கீழே நிலம் காய்ந்து கிடந்தது; அதற்குத் தண்ணீரே விடவில்லை. கண்டேன்.
"முடிஞ்சுது தம்பி, சைனை வை" என்றார். வைத்தேன். பதினாறு வருடத்துக்கு முன் இந்த வேலைக்குள் என்னைக் கூட்டிவந்தவர். அவர் செய்ததை டோர்ச் அடித்துப் பார்ப்பதா?
பின்னறைக்கு மண்டியிட வேண்டும், அவருக்கு முழங்கால் மடங்குவதில்லை. அதுவும் எனக்குத் தெரியும்.

மே 6
அந்த விமானம் வடக்கே ஓர் ஏரியில் சுற்றுலாக்காரரை ஏற்றுகிறது. ஒரு நாளைக்கு ஆறு தடவை.
மனைவி நிருஜா: "சிங்க் நிரம்பி வழியுது, எங்க பாத்துக்கொண்டு நிக்கிறியள்?"

மே 7
1943இல் கையெழுத்து வைத்தவன் அந்த விமானத்தில் போகவில்லை. அட்டையில் அவன் பெயர் தனியாக இருக்கிறது. பிறகு எத்தனை வருடம் இருந்திருப்பான்? ஆருக்காவது சொன்னவனோ? எனக்குப் பயமா இருக்கு. அண்ணையை நினைச்சுப் பயமோ, அந்த எட்டுப் பேரை நினைச்சுப் பயமோ — தெரியேல்லை.

மே 8
அண்ணையிடம்தான் முதலில் போனேன்.
"பின்னறை பாத்தனீங்களோ அண்ணை?"
தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "உன்னை நான் கூட்டிக்கொண்டு வந்தது இதைக் கேக்கவோ?"
அங்கிருந்து நேரே போய் மனேஜரிடம் சொன்னேன். விமானத்தை நிறுத்திவிட்டார்கள்.

மே 9
ஏரிக்குப் போய்ப் பின்னறைக்குள் கைப்பம்பை விட்டோம். முதல் இழுப்பிலேயே ஏரித் தண்ணீர். நாற்பத்திரண்டு வரை எண்ணினேன், பிறகு எண்ணவில்லை. காருக்குள் இருந்து அழுதேன்.

மே 13
விசாரணைப் படிவத்திலும் 'காரணம்' என்று ஒரு கட்டம். "நிலம் காய்ந்திருந்ததைக் கண்டும் கையெழுத்து வைத்தேன்" என்று எழுதி என் பெயரைப் போட்டேன். ஆறு மாதத்துக்கு நான் கையெழுத்து வைக்க முடியாது. அண்ணைக்கு மூன்று கிழமை, ஜூன் 2 வரை, வேலை இல்லை.

மே 24, சனி
ஸ்காபரோ பிளாசாவில் அண்ணையும் அவர் மனைவி யோகமலர் அக்காவும். அக்கா என்னைக் கண்டு சிரித்தா. அண்ணை அவவைக் கூட்டிக்கொண்டு மறுபக்கம் போனார்.

மே 31, சனி
1943 அட்டையை ஏற்றி முடித்தேன். எட்டுப் பெயர்களையும் இரண்டு தடவை சரிபார்த்தேன். ஒன்பதாவதையும்.

ஜூன் 2
அண்ணை எனக்குப் போன் எடுத்தார். "நாளைக்கு வேலைக்கு வாறன். முழங்காலுக்கு ஒரு தலையணை கொண்டுவாறன்."
போனோடு வெளியே போய் நின்றேன்.
"டோர்ச்சோட பக்கத்தில நில்லு தம்பி. நான் செய்யிறதைப் பார்."
"ஓம் அண்ணை" என்றேன். டோர்ச்சுக்குப் புதுப் பற்றரி போட்டு வைத்திருக்கிறேன்.