ரேடியேட்டரின் மேல் ஒரு கொடி

நனைந்த தேசியக் கொடியை எங்கே காயப்போடுவது? எட்டு வருஷத்துக்கு முன் நீங்கள் என்னைக் கேட்ட கேள்வி. அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை.

இன்று மாலை எங்கள் குடியிருப்புக்குத் தண்ணீர் லாரி வந்தது. நாளை மறுநாள் ஆகஸ்ட் பதினைந்து. லாரியின் பின்புறம், குழாய்க்கு மேலே, ஒரு கொடியைக் கட்டியிருந்தார்கள். குழாய் ஒழுகி ஒழுகி அது முழுக்க நனைந்து, கீழ்முனை தரையில் புரண்டுகொண்டிருந்தது. டிரைவரிடம் சொன்னேன். "அச்சா மேடம்" என்றார், ஏறினார், போனார். வேகத்தடையில் வண்டி தூக்கிப்போட்டதில் கயிறு அறுந்து கொடி சாலையில் விழுந்தது. குடங்களோடு நின்றிருந்தவர்கள் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். நான் எடுத்து வந்தேன். ஈரப் பருத்தியும் டீசலும் கலந்த வாசனை. உங்கள் பஸ்ஸில் அன்று வந்த அதே வாசனை. பத்து நிமிஷம் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நின்றேன். பால்கனிக் கயிற்றில் துண்டும் உள்பாவாடையும் தொங்குகின்றன.

நீங்கள் போன பங்குனியில் காலமானதாக மூன்றாம் மாடி ராகவன் சார் சொன்னார். காய்கறி வாங்கும்போது, கத்தரிக்காய் சொத்தை என்பதைப் போன்ற குரலில் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்கும் எனக்கு என்ன தகுதி என்று தெரியவில்லை.

தில்லி மயூர் விஹாரிலிருந்து மத்திய அரசு அலுவலகங்களுக்கு, மாதச் சந்தா வாங்கிக்கொண்டு போகும் தனியார் சார்ட்டர்ட் பஸ் அது. நாற்பது குமாஸ்தாக்கள், பிரிவு அதிகாரிகள், என்னைப் போல ஒரு மொழிபெயர்ப்பாளர். பயணிகள் கமிட்டி ஒன்று, அதற்கு ஒரு செக்ரட்டரி. யார் எந்த இருக்கை, தீபாவளிக்கு என்ன இனிப்பு, யார் வந்து சேர எத்தனை நிமிஷம் காத்திருப்பது, எல்லாம் அவர் தீர்ப்பு. நீங்கள் டிரைவர். வேலூர்ப் பக்கம். பதினேழு வருஷம் ராணுவத்தில் லாரி ஓட்டியவர். மூன்று வருஷத்தில் நாம் பேசியது "வணக்கம் மேடம்", "வணக்கம்" மட்டும். எனக்கு அது போதும் என்றிருந்தது. பஸ்ஸில் நான் புத்தகம் படிக்கிறவள்.

கார்கில் சண்டை ஓய்ந்த ஆகஸ்ட். தில்லியில் ஆட்டோ, டெம்போ, குப்பை லாரி எதிலும் மூவர்ணம். சண்டைக்குப் போகாதவர்களுக்குத்தான் அந்த வருஷம் கை பரபரத்தது. செக்ரட்டரி கனாட் பிளேஸிலிருந்து பெரிய கதர்க் கொடி ஒன்று வாங்கி வந்து, பஸ்ஸின் முகத்தில், ரேடியேட்டர் கம்பிகளை முழுக்க மறைத்து, நான்கு மூலையிலும் கயிறு போட்டுக் கட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். நீங்கள் தட்டவில்லை. நானும் தட்டவில்லை, ஆனால் என் காரணம் வேறு. எனக்கு எந்தக் கொடியைக் கண்டாலும் கொஞ்சம் சந்தேகம்.

அன்று சாயங்காலம் மழை. கடைசி நிறுத்தத்தில் நான் மட்டும் மிச்சம். நீங்கள் இறங்கிப் போய்க் கொடியை அவிழ்த்து, இரண்டு கையிலும் ஏந்தியபடி வந்தீர்கள். பூச்சியும் கிரீஸும் ஒட்டியிருந்தன.

"மேடம், இத்த எங்க காயப்போடறது? என் ரூம்ல ஒரே கயிறு. அதுல என் பனியன்லாம் தொங்குது."

"துணிதானே. எங்க வேணும்னாலும் போடுங்க."

"துணிதான் மேடம். அதனாலதான் நனையுது."

எனக்குச் சிரிப்பு வந்தது. நீங்கள் சிரிக்கவில்லை. நடுவில் இருந்த இரண்டு இருக்கைகளின் முதுகில் அதை விரித்தீர்கள், சுருக்கம் நீவினீர்கள், ஜன்னல்களை அடைத்தீர்கள். பிறகு, என்னைப் பார்க்காமல், ஒன்று சொன்னீர்கள். "வண்டி மேல கொடியப் போத்தறது ஒரே ஒரு சமயத்துலதான் மேடம். அப்ப உள்ள ஆளு படுத்துனு இருப்பான். நான் ஒருதரம் ஓட்டிக்கினு போயிருக்கேன். ஊர் வரிக்கும் ஹாரன் அடிக்கல." எந்த ஊர், யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மறுநாள் காலை செக்ரட்டரி மறுபடி கட்டினார். சாயங்காலம் நீங்கள் மறுபடி அவிழ்த்தீர்கள். மூன்றாம் நாள் என்னிடம் வந்தீர்கள்.

"உங்க ஆபீஸ்ல கொடி ரூல் புக்கு இருக்குமே மேடம், ஒரு காப்பி கெடைக்குமா? என் வாயால சொன்னா டிரைவர் திமிருன்னுவாங்க. காயிதம் சொன்னா கேப்பாங்க. இன்ஜினும் சூடாவுது, காத்து உள்ள போவணும் இல்ல?" கொஞ்சம் தயங்கி, "இந்த ரூட்டு போச்சின்னா என்னிய நொய்டா ஃபாக்டரி ரூட்ல போட்டுடுவாரு ஓனரு. விடியறதுக்கு முன்ன கெளம்பணும். பொண்ணு பத்தாவது மேடம். இங்க தமிழ் ஸ்கூல்ல நாந்தான் கொண்டுபோய் வுடறேன்" என்றீர்கள்.

எங்கள் அலுவலக நூலகத்தில் அந்த விதித்தொகுப்பு இருந்தது. பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்தேன். சந்தேகத்துக்கு இடமில்லாத வரி. காரில் கொடி பறக்கவிடும் உரிமை இன்ன இன்ன பதவியில் இருப்பவர்களுக்கு மட்டும். எந்த வாகனத்தின் முகப்பிலும் கூரையிலும் பக்கங்களிலும் பின்புறத்திலும் கொடியைப் போர்த்தக் கூடாது. அந்த வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டேன். நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தேன். சாயங்காலம் பஸ் ஏறும்போது உங்களுக்குத் தலையசைத்தேன். கிடைத்துவிட்டது என்று உங்களுக்குப் புரிந்தது.

நிஜாமுதீன் பாலம் தாண்டும் முன்பே செக்ரட்டரி எழுந்து நின்றார். கொடியை அவிழ்ப்பது யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. "ஏ மதராசி! ஃபௌஜி, பட்டாளத்தான் என்று சொல்லிக்கொள்கிறாய், திரங்காக் கொடியைக் கண்டால் உனக்கு என்ன எரிகிறது?" என்று இந்தியில் கத்தினார். பின்னாலிருந்து ஒருவர், "பென்ஷன் இந்தியாவிலிருந்துதானே வருகிறது பையா, இல்லை எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்தா?" என்றார். பஸ் சிரித்தது. நீங்கள் உடைந்த இந்தியில், இன்ஜின் சூடாகிறது, போர்த்துவது மரியாதை இல்லை, என்றீர்கள். "மரியாதையை எங்களுக்கு நீ சொல்லித்தருவாயா?" டிரைவரை மாற்ற வேண்டும் என்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார் செக்ரட்டரி.

நான் கைப்பையைத் திறந்தேன். பக்கத்து இருக்கையில் இருந்த ராகவன் சார் குனிந்து, "நமக்கெதுக்கு மேடம் வம்பு? பொழைக்க வந்த எடம். நாளைக்கும் இதே பஸ்லதான் போகணும்" என்றார். சொல்லிவிட்டுத் தானும் கையைத் தூக்கினார்.

நீங்கள் கண்ணாடியில் என்னைப் பார்த்தீர்கள். ஒரே ஒரு முறை. பிறகு சாலையைப் பார்த்து ஓட்டினீர்கள்.

நான் கைப்பையை மூடினேன்.

கை தூக்கவில்லை. இத்தனை வருஷமும் அதை ஒரு யோக்கியதைச் சான்றிதழ் மாதிரி வைத்திருந்தேன். செக்ரட்டரி எண்ணவே இல்லை. "எல்லோரும் சம்மதம்" என்றார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் இருந்தது. எம்.ஏ. படித்த வாய், ஐந்து மொழியில் பேசும் வாய்.

உங்கள்மேலும் எனக்குக் கோபம் உண்டு. நீங்கள் சாகும்வரை சொல்லாமல் வைத்திருந்ததை இப்போது சொல்கிறேன். "மேடம், அந்தக் காயிதம்" என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் எடுத்துத்தானே ஆக வேண்டும்? என்னை வம்பில் இழுக்கக் கூடாது என்று நினைத்தீர்கள். அந்தப் பெருந்தன்மையை உங்களிடம் யார் கேட்டது? நான் இறங்கும்போது வழக்கம்போல "வணக்கம் மேடம்" என்றீர்கள். திட்டியிருந்தால் நான் இவ்வளவு காலம் சுமந்திருக்க மாட்டேன்.

நீங்கள் நொய்டா ரூட்டுக்குப் போனதும், பெண்ணைப் பாதி வருஷத்தில் ஊருக்கு அனுப்பியதும் ஆறு மாதம் கழித்துத்தான் தெரியவந்தது. அதன் பிறகு சட்டம் மாறியது. இப்போது யாரும் எந்த நாளும் கொடி ஏற்றலாம். வண்டியில் போர்த்தக் கூடாது என்ற வரி மட்டும் அப்படியே இருக்கிறது. அதைப் படித்தவர்கள் அன்று அந்த பஸ்ஸில் எத்தனை பேர் இருந்தார்களோ, இன்று இந்த ஊரிலும் ஏறக்குறைய அத்தனை பேர்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

லாரிக் கொடியை அலசிப் பிழிந்து, சாப்பாட்டு மேஜை நாற்காலிகள் இரண்டின் முதுகில் விரித்திருக்கிறேன். நீங்கள் நீவியதைப் போல நீவினேன். இதுதான் சரியா என்று தெரியாது. நின்று சாப்பிட்டுவிட்டு இதை எழுதுகிறேன். ஜெராக்ஸ் எதிரே இருக்கிறது. மடிப்பில் கிழிந்துவிட்டது, பென்சில் கோடு அழியவில்லை.

கை தூக்கிய அன்றைக்கு அடுத்த நாள் நடந்ததை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

காலை எட்டு பத்துக்கு பஸ் வந்தது. புது டிரைவர். முகப்பில் கொடி, நான்கு மூலையிலும் கயிறு. நான் ஏறினேன். மூன்றாவது வரிசை, ஜன்னல் ஓரம். வெயில் கடுமையாக இருந்தது. நிஜாமுதீன் பாலத்தின் நடுவே நெரிசலில் இருபது நிமிஷம் நின்றோம். முன்னாலிருந்து ஆவி கிளம்பியது. இன்ஜின் அணைந்தது. ஆண்கள் எல்லோரும் இறங்கினார்கள். புது டிரைவர் கயிறுகளை அவிழ்த்து, கொடியை நாலாக மடித்து, கையில் சுற்றிக்கொண்டு, அதை வைத்து ரேடியேட்டர் மூடியைத் திருகினார். "ஆராம் ஸே பையா, மெதுவாக, கை சுட்டுவிடும்" என்றார் செக்ரட்டரி. துருப்பிடித்த தண்ணீர் கொதித்துப் பீறிட்டது. கொடி அதை வாங்கிக்கொண்டது. ராகவன் சார் தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். டிரைவர் கொடியால் கையைத் துடைத்துவிட்டு அதைத் தன் இருக்கைக்கு அடியில் போட்டார். எல்லோரும் ஏறி அவரவர் இருக்கையில் உட்கார்ந்தார்கள். காகிதம் என் கைப்பையில் இருந்தது. பஸ் கிளம்பியது. அலுவலகத்துக்கு ஐம்பது நிமிஷம் தாமதம். வருகைப் பதிவேட்டில் தாமதத்துக்குக் காரணம் எழுதும் கட்டத்தில், "வண்டி சூடாகிவிட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.